கோழிக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டேன்

நம் குழுவில் எல்லாரும் சௌக்கியமா? மூட்டுவலிக்காரர்கள் தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தைத்தான் யாரிடமும் காட்ட முடியவில்லை.

என் பேத்தி ஸ்ரீவர்ஷினிக்கு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆணும் பெண்ணும் சேரும்போது தொற்றுகிற வைரஸுக்குத் தடுப்பு மருந்து தேடுகிறார்கள். இதைப் போய் நாலு பேரிடம் எப்படிச் சொல்வது? தினமும் ஒரே பஸ்ஸில் வருகிற அழகுபாண்டியை அவளுக்குப் பிடித்துப்போனது. போன ஞாயிறு அவனுடைய அம்மா மாயக்காள் பெண் பார்க்க வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம்.

காபியைக் குடித்துவிட்டு, "பிள்ளை என்ன மருந்து பண்ணுது?" என்று கேட்டார்.

எங்களுக்கு வீட்டில் சௌராஷ்டிர பாஷை. வெளி ஆள் இருந்தால் ரகசியத்தை அதில்தான் பேசுவோம். மருமகள் ஹம்சவேணியிடம் அந்தப் பாஷையில் சொன்னேன்: "அந்த அசிங்கத்தையெல்லாம் சொல்லாத. காட்டுவேலைக்காரிக்கு என்ன புரியப்போகுது?" பிறகு சிரித்துக்கொண்டே தமிழில், "கோழிக்குத் தடுப்பூசிங்க" என்றேன்.

மாயக்காள் டம்ளரைக் கீழே வைத்தார். "செல்லூர்ல ஒங்க ஆளுக தறிவீட்டுல பன்னெண்டு வருசம் நூல் சுத்துனேன்மா. பேசத்தான் வராது. கேட்டா அம்புட்டும் புரியும்."

கையிலிருந்த பலகாரத் தட்டை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர் பேத்தியிடம் திரும்பினார். "எம்மகன் எல்லாஞ் சொல்லிட்டான். ஒன் வாயால கேக்கலாம்னுதான் கேட்டேன். நீ சொல்லு தாயி."

"கையில போடுற ஊசியால ரத்தத்துல எதிர்ப்பு வரும் அத்தை. கிருமி நுழையுற எடத்துக்கு அது கொஞ்சந்தான் போய்ச் சேரும். அந்த எடத்துலயே காவல் நிக்கிற மாதிரி, அங்கேயே வைக்கிற மருந்து தேடுறோம். இப்போதைக்கு எலிக்குத்தான் குடுத்துப் பாக்குறோம்."

"எலிக்கா! அப்ப ஒங்க பாட்டி கோழின்னது ரொம்பத் தப்பில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. மாயக்காள் எழுந்தார். மடியில் வைத்திருந்த பூப்பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பூ வைக்கிறத அப்புறம் பாப்போம். வாரேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் போனபிறகு ஸ்ரீவர்ஷினி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "என் வேலைய அசிங்கம்னு சொல்லிட்டியே பாட்டி. மூணு வருசத்துல, என்ன பண்றேன்னு ஒரு தடவை கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை.

"அவங்களுக்கு நீயே போய்ப் பதில் சொல்லு. நான் கூட வரமாட்டேன்."

வெள்ளிக்கிழமை தனியாகப் போகிறேன். கோழி என்று சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். அந்த அம்மாவைக் காட்டுவேலைக்காரி என்றேனே, அதற்கு எப்படிக் கேட்பேன்? நீங்கள் யார் வீட்டு வாசலிலாவது இப்படிப் போய் நின்றதுண்டா? முதலில் என்ன சொன்னீர்கள்? வெட்கப்படாமல் எழுதுங்கள். வியாழனுக்குள் எழுதினால் நல்லது.