கூண்டுக்குப் பட்டினி

உவாஜிமா கடலில் கோடை முற்றிவிட்டால், வலைக்கூண்டில் வளர்க்கிற புரி மீனுக்கு இந்த நோய் வந்தே தீரும். கண் பிதுங்கும், செவுள் மூடிக்குள் ரத்தம் கட்டும், கிறுக்குப் பிடித்தது போலச் சுற்றிச் சுற்றி வந்து சாகும். அந்த வருஷம் அது யோஹெய்யின் கூண்டுக்கு வந்தது. மனுஷனுக்கு இருந்ததே அந்த ஒரு வலைக்கூண்டுதான். அதுவும் போனால் கடலில் அவருக்கு ஜோலியே கிடையாது.

கூட்டுறவுச் சங்கத்து மீன் டாக்டர் நகஹரா வந்து பார்த்தாள். இந்த பாக்டீரியா மருந்துக்கு அடங்காத ரகம், தின்னத் தின்ன மீன் இன்னும் வேகமாகச் சாகும், நான் சொல்கிறவரை துளி தீனி போடக்கூடாது என்று கறாராகச் சொன்னாள். யோஹெய்யும் சரி சரி என்று தலையாட்டினார்.

தலையாட்டுவது சுலபம். செத்ததை அள்ள தினமும் காலையில் கூண்டுக்குப் போயாக வேண்டுமே. படகு என்ஜின் சத்தம் கேட்டதும் அத்தனை மீனும் மேலே வந்து முட்டி மோதும். தீனி வருகிறது என்று நினைப்பு, பாவம். மனைவி ஃபுசாயே இறந்துபோன பிறகு, அவர் சத்தம் கேட்டு எழுந்து வர வீட்டில் ஒரு ஜீவன் இல்லை. கதவைத் தள்ளியதும் "வந்துட்டேன்" என்று சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். அப்படிப்பட்டவர் இந்த மீன்களை எப்படிப் பட்டினியோடு திருப்பி அனுப்புவார்? ஒரு கை போட்டார். மறுநாள் இன்னொரு கை.

சாவு குறைந்தபாடில்லை. நகஹரா மறுபடி வந்து, செத்த ஒன்றைப் படகிலேயே வைத்து வயிற்றைக் கீறினாள். உள்ளே செரிக்காத தீனி.

"யாரு போட்டது, மாமா?"

யோஹெய் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் கேட்டு ஓடி வருதுங்க, டாக்டரம்மா. வெறுங்கையோட நிக்க முடியல."

"நீங்க பாசத்துல போடுறீங்க. அந்தக் கிருமிக்கும் சேர்த்துத்தான் போடுறீங்க."

கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாளிலிருந்து அவர் என்ஜினைத் தொடவில்லை. துடுப்புப் போட்டே போனார். சத்தமில்லாமல் கூண்டோரம் ஒதுங்கி, மிதப்பதை அள்ளிக்கொண்டு திருடன் மாதிரித் திரும்பினார். ஒரு மீனும் எட்டிப் பார்க்கவில்லை. தோள்பட்டை விட்டுப்போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சொந்தக் கூண்டுக்கே அந்நியனாகிவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டிலும் பேச ஆளில்லை, இப்போது கடலிலும் இல்லை.

மிதப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றே போனது. நகஹரா சோதித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சமாகத் தீனி ஆரம்பிக்கலாம் என்றாள்.

அன்றைக்கு அவர் மறுபடி என்ஜினை முடுக்கினார். இந்தச் சத்தம் அதுகளுக்கு இன்னும் நினைவிருக்குமா? கூண்டை நெருங்கினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. போச்சு, மறந்துவிட்டன என்று நினைத்தார். அப்புறம் உலை கொதிப்பது போல நீர் பொங்கியது.

"வந்துட்டேன்," என்றார் யோஹெய்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கொண்டு வந்த கொஞ்சத் தீனி கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. தின்று முடித்ததும் மீன்கள் கீழே போய்விட்டன. காலி வாளியோடு, என்ஜினை அணைக்காமல், அவர் அங்கேயே வெகுநேரம் நின்றிருந்தார்.