வெல்வெட் பேண்ட்டும் ஆளில்லா வண்டியும்

வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பொங்கியண்ணன், துணி ரோல்களைக் கட்டிங் பகுதிக்குக் கொண்டுபோக ஆளில்லா வண்டி ஒன்று வாங்கினார். முழங்கால் உயரம்தான் இருக்கும். முன்னால் ஒரு லேசர் கண். எதிரில் ஆள் வந்தால் தானே நின்றுவிடும்.

அவர் வெள்ளை வேட்டியோடு குறுக்கே போனபோதெல்லாம் வண்டி தூரத்திலேயே நின்றது.

"மொதலாளி யாருன்னு அதுக்குத் தெரியுது பாருங்க," என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தார்.

மறுநாள் மேனேஜர் சிவராஜ், ஏற்றுமதிக்குத் தைத்த கறுப்பு வெல்வெட் பேண்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நிற்கவில்லை. பின்னங்காலில் இடித்து, வேஸ்ட் துணிக் கூடைக்குள் அவரை உட்கார வைத்துவிட்டுப் போனது.

பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மேனேஜருக்கெல்லாம் அது நிக்காதுங்க, சிவராஜ்!"

வண்டியை விற்றவர்கள் இன்ஜினியர் தரணியை அனுப்பினார்கள். அவள் அந்தப் பேண்ட்டைத் தடவிப் பார்த்தாள்.

"லேசர் வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்தாத்தான் சார் அதுக்கு ஆள் தெரியும். வெள்ளைத் துணி நல்லாத் திருப்பி அனுப்பும். கறுப்பு வெல்வெட் வெளிச்சத்தை முழுங்கிருது. கிட்ட வந்தப்புறம் தெரிஞ்சு என்னங்க பண்றது?"

"அப்ப எனக்கு நின்னது?"

"உங்க வேட்டிக்குங்க சார்."

பொங்கியண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

எதன் மேலாவது பட்டதும் வண்டியை நிறுத்திவிடும் பம்பர் ஒன்றை மாட்டித் தருகிறேன், அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பம்பரை எடுத்துவர தரணி வேனுக்குப் போனாள். அதற்குள் பொங்கியண்ணன் அந்தப் பேண்ட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வழியின் நடுவே நின்றார்.

"ஓட்டுங்க சிவராஜ். என்னைத் தெரியாமப் போயிருமா? வா கண்ணு, வந்து நில்லு."

கண்ணு வந்தது. நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே இடித்த வேகத்தில் அவர் வண்டியிலிருந்த துணி ரோல்களின் மேல் குப்புற விழுந்தார். வண்டி அவரையும் சுமந்துகொண்டு கிளம்பியது.

வெளிர்நிறச் சேலை கட்டிய பெண்கள் குறுக்கே வந்தபோதெல்லாம் அது பதவிசாக நின்றது. அவர்கள் முதலாளியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு விலகியதும் மறுபடி நகர்ந்தது.

"நிறுத்துங்க சிவராஜ்!"

வண்டியை நிறுத்தும் சிவப்புப் பட்டன் சிவராஜின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் பக்கத்திலேயே நிதானமாக நடந்து வந்தார். "இதோ, கட்டிங் வந்திருச்சுங்க."

வண்டி தானாகவே கட்டிங் மேஜைக்கு முன்னால் போய் நின்றது. கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் கத்தரியோடு எட்டிப் பார்த்தார்.

"இதை எந்த சைஸுக்கு வெட்டறதுங்க?"

ரோல்கள் மேல் படுத்திருந்த பொங்கியண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"மொதல்ல என்ற வேட்டியக் கொண்டாங்க!"