பச்சைத் தையல்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து 'உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்' என்று யாரும் கேட்கக் கூடாது. பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைக்கிற ஆள் நான்.

என் ஓரகத்தி எனக்கு நேர் எதிர். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பன்னிரண்டு வருஷம் குழந்தைத் துணி தைக்கிற கம்பெனியில், தைத்து வருவதைச் சரிபார்க்கிற மேஜையில் உட்கார்ந்தவள். வீட்டில் அவளுக்குச் 'செக்கிங் மேடம்' என்று பெயர் வைத்ததே நான்தான். கதவைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் படியிறங்கிப் போனவள் திரும்பி வந்து மூன்றாவது தரமும் இழுப்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாடிப் பின்னறையில் ஓர் ஆன்லைன் கடை நடத்துகிறோம். குழந்தைகளுக்கான பருத்திப் போர்வை. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, பார்சல் கட்ட ஒரு பழைய கட்டில். ஏழு மாசமாக நாளைக்கு இரண்டு ஆர்டர், மூன்று ஆர்டர். கடை வைத்தவர்கள் வியாபாரம் இல்லாவிட்டால் ஈ ஓட்டுவார்கள். ஆன்லைன் கடையில் ஓட்டுவதற்கு ஈ கூட வராது.

என்னென்னவோ செய்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் போர்வையை விரித்துப் புதுசாகப் படம் எடுத்தேன். விலையைக் குறைத்தேன், மறுபடி ஏற்றினேன், தலைப்பை நாலு தரம் மாற்றி எழுதினேன். எதுவும் எடுபடவில்லை. அப்போதுதான் நாங்கள் விற்கிற தளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் நூறு ஆர்டர் பிடிக்கிற சின்னக் கடைகளை, மூன்று மாசத்துக்கு முதல் பக்கத்தில் வைப்பார்களாம்.

அக்காவுக்கும் அதே சனிக்கிழமைதான் கெடு. பழைய கம்பெனி சூப்பர்வைசர் அவள் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். வருகிறாயா இல்லையா என்று அன்றைக்குள் சொல்லியாக வேண்டும். "நூறு வந்துட்டா நான் போகல" என்றாள் அக்கா. அவ்வளவுதான், எனக்குக் கை கால் நிற்கவில்லை.

ஒரு போர்வைக்கு ஒரு துணி முயல் இலவசம். யோசனை என்னுடையது. வெட்டி மிஞ்சிய துணியில் உள்ளங்கை அளவு முயல். "கண்ணை நூலால தச்சிடலாம்" என்றாள் அக்கா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. படத்தில் பளிச்சென்று தெரிவது கறுப்பு மணிக்கண்தான். கடைசியில் அக்கா இறங்கி வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு கண்ணையும் அவள் இழுத்துப் பார்ப்பாள்.

பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று அவளிடம் உண்டு. மணிக்கு அடியில் கம்பியை மாட்டி, கொக்கியில் கோத்து, ஒன்பது கிலோ வரை இழுப்பாள். கண் அசையக் கூடாது. அசைந்தால் அந்த முயல் குப்பைக்கு. கம்பெனியில் குழந்தைச் சட்டைப் பொத்தானுக்கும் இதே கதைதானாம், குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாயில்தான் போகும் என்பாள். தாங்கிய முயலுக்கு வாலுக்கு அடியில் பச்சை நூலில் ஒரு தையல். அந்தத் தையல் இருந்தால் அக்கா கை பட்டது என்று அர்த்தம்.

வியாபாரப் புத்தி எனக்குச் சும்மா இருக்குமா? கடைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன்: "பச்சைத் தையலைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணையும் இழுத்துச் சோதித்த பிறகே அனுப்புகிறோம்." பார்சலுக்குள் வைக்கிற அட்டையிலும் அதையே அச்சடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த வரிதான் விற்றது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு ஆர்டர்.

பதினாலு முயல் குறைந்தது. நீலத் துணி தீர்ந்துபோய் மஞ்சளில் வெட்டினோம். அக்கா மறுநாளைக்கு வேண்டிய பார்சல் கவர் வாங்கக் கிளம்பினாள். "கண்ணை வெச்சு கூடையில போட்டு வை. நான் வந்து இழுக்கறேன்" என்று படியில் நின்றுகூடச் சொன்னாள்.

அவள் போய் அரை மணி ஆகவில்லை, கூரியர்காரர் வந்து நிற்கிறார். நாலு மணிக்கு வர வேண்டியவர் மூன்றுக்கே. "இந்த வண்டியை விட்டா இனி நாளைக்குச் சாயங்காலம்தான் மேடம்" என்றார். இன்றைக்குப் போனால் உள்ளூரில் காலையிலேயே கிடைத்துவிடும். நாளைக்குப் போனால் எவள் வாங்கிப் பார்த்து எப்போது நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது? அக்கா ஒரு கண்ணுக்கு ஆறு சுற்று நூல் சுற்றுவாள். நான் இரண்டு சுற்றில் முடித்தேன். தராசு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை.

எடுக்காதது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அட்டையில் பச்சைத் தையல் என்று போட்டிருக்கிறதே, இல்லாவிட்டால் கேட்பார்களே என்று, பச்சை நூலை எடுத்துப் பதினாலு வாலுக்கும் நானே போட்டேன். அக்கா வந்து "இழுத்தியா?" என்று கேட்டாள். "இழுத்துட்டேன் அக்கா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு எழுபத்தொன்பது. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்துகொண்டே எங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். போனில் துள்ளிக் குதித்தார். "முதல் போட்டோ வந்திருக்கு பாரு. அஞ்சு ஸ்டார். இதைத் தூக்கி மேல வெச்சா மத்தியானத்துக்குள்ள நூறு தாண்டிடும்."

திறந்தேன். எட்டு மாசம் இருக்கும், கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. முயலின் காது அதன் வாய்க்குள். எழுதியவள் தன் பெயருக்குப் பதிலாக 'ரெண்டு பிள்ளை அம்மா' என்று போட்டிருந்தாள். "கீழ வைக்கவே விடமாட்டேங்கறா, அவ்வளவு பிடிச்சிருக்கு" என்று எழுதியிருந்தாள். மஞ்சள் முயல். அதற்கு ஒரு கண்தான் இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னொரு கண்ணு எங்க?"

அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். விரலால் நகர்த்தி நகர்த்தி வாலுக்கு வந்தாள். பிறகு மூச்சை விட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பச்சை இருக்கு. நல்ல வேளை, ஒரு நிமிஷம் பயந்துட்டேன். இழுத்துப் பார்த்த கண்ணு தானா வராது. அவங்களே வெட்டி எடுத்திருப்பாங்க. சில அம்மாக்களுக்கு மணிக்கண்ணே ஆகாது."

அத்தோடு விட்டிருக்கலாம். அக்காவே வழி காட்டிவிட்டாள், நான் தலையை ஆட்டினால் போதும். இன்னும் இருபத்தொரு ஆர்டர். நானும் ஆட்டத்தான் பார்த்தேன். ஆனால் அந்தக் குழந்தையின் வாய் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அக்கா, அதை நான் இழுக்கல."

"எதை?"

"மஞ்சள் எதையுமே இழுக்கல. பச்சையும் நான்தான் போட்டேன்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை முயல்? பதினாலு. எத்தனை சுற்று? இரண்டு.

"அந்தம்மாவைக் கூப்பிடு" என்றாள்.

எங்கே கூப்பிடுவது? வாங்குகிறவர் நம்பரைத் தளம் எங்களுக்குக் காட்டாது. பார்சல் மேல் ஒட்டுகிற சீட்டில்கூட வெறும் கோடும் கட்டமும்தான், விலாசம் கூரியர்காரர் மெஷினுக்குத்தான் தெரியும். எந்தப் பார்சலில் மஞ்சள் போனது என்றும் நான் குறித்து வைக்கவில்லை. தளத்தின் வழியாக நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். இரண்டு தரம் தப்பாக அடித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று பேர்தான் படித்திருந்தார்கள். படத்தைப் போட்டவள் படிக்கவில்லை.

"அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதணும். எல்லாரும் பார்க்கற மாதிரி" என்றாள் அக்கா.

மறுபடி போனில் வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுப் பதறினார். "பைத்தியமா ரெண்டு பேருக்கும்? பொதுவுல போட்டா கடையே படுத்துடும். ஆறு மணி வரைக்கும் பொறுங்க, அதுக்குள்ள தனிச் செய்தியைப் பார்த்துடுவாங்க."

"பார்க்கலைன்னா? அந்தக் குழந்தை தொண்டையில மாட்டினா நீங்க போய் எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் சொன்னதைத்தான் கால் மணி நேரமாக நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனை அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "பச்சை போட்டது நீ. நீயே எழுது" என்றாள்.

எழுதினேன். "மஞ்சள் முயலைக் குழந்தையிடமிருந்து உடனே வாங்கிவிடுங்கள். பதினாலு முயல்களின் கண்களைச் சோதிக்காமல் அனுப்பிவிட்டோம். அவற்றில் உள்ள பச்சைத் தையல் பொய். தவறு என்னுடையது." பொய் என்ற வார்த்தையை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். பக்கத்தின் உச்சியிலும் அதையே ஏற்றினேன்.

எழுபத்தொன்பது எழுபத்தைந்து ஆனது. அறுபத்தெட்டு ஆனது. ரத்து செய்கிறவர்கள் சும்மாவும் போகவில்லை, பிள்ளைப் பொருளில் விளையாடுகிறாயே நீயெல்லாம் பொம்பளையா என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நான் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த ஒருத்தியின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டரை. ஒன்று. ஒன்றரை. அறையில் தராசுக் கொக்கி சத்தம் மட்டும். அக்கா ராத்திரி தைத்து வைத்த ரோஸ் முயல்களை எடுத்து, ஏற்கெனவே இழுத்தவற்றையே முதலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பதில் வந்தது.

"ஐயோ, அந்தக் கண்ணை நான்தான் கத்தரியால வெட்டினேன். எங்க வீட்டுல மணிக்கண் வைக்கறதில்ல. அடுத்ததை வெட்டறதுக்குள்ள பிடுங்கிட்டா. இப்ப ரெண்டையும் எடுத்தாச்சு. பாப்பாவோட நானும் தூங்கிட்டேன், அதான் பார்க்கல."

தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? கோபம். வெட்டினேன் என்று படத்தோடு ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் இவளுக்கு? அக்கா சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டு, "ஒண்ணுமே இல்லாததுக்குக் கடையைக் கெடுத்துட்டீங்க" என்றார். எண்ணிக்கை ஐம்பத்தாறில் இருந்தது.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றேன் அக்காவிடம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொன்னேன்.

அக்கா பதிலெல்லாம் வந்ததா என்று மட்டும் கேட்டாள். மஞ்சள் முயல் போன வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் கண் கெட்டியாக இருந்தது, ஒரு வீட்டில் பார்சலையே பிரிக்கவில்லை, ஒரு வீட்டில் முயலை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் ஒரு தாளில் பதினாலு கோடு போட்டு, ஒவ்வொன்றாக அடித்தாள். ஐந்து மணிக்கு ஒரே ஒரு கோடு மிச்சம்.

ஐந்து இருபதுக்கு அதுவும் வந்தது. ஒரு அப்பா எழுதியிருந்தார்.

"உங்க செய்தியை இப்பதான் பார்த்தேன். தொட்டிலுக்குள்ள பாப்பா பக்கத்துல முயல் இருந்துச்சு. விரலால இழுத்தேன். ரெண்டு கண்ணும் கையோட வந்துடுச்சு. பச்சைத் தையல் இருக்குன்னு நம்பித்தான் உள்ள வெச்சோம்."

கீழே படம். அவர் உள்ளங்கையில் இரண்டு கறுப்பு மணி, அதில் தொங்குகிற நூல். இரண்டே சுற்று. நான் சுற்றியது.

அக்காவிடம் போனைக் கொடுத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். கடைசிக் கோட்டை அடித்தாள். அப்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தேன். சத்தமே இல்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு மணிக்கு ஐம்பத்திரண்டு ஆர்டர். அக்கா சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "திங்கட்கிழமை வரேன் சார்" என்றாள். கடை அவ்வளவுதான் என்று நினைத்து நான் மெஷினுக்கு உறை போடப் போனேன்.

"ஏன் மூடற? அம்பத்திரண்டு பேர் இன்னும் வேணும்னுதானே சொல்றாங்க?" என்றாள். "நான் வேலை முடிஞ்சு ஆறரைக்கு வந்துடுவேன். கண்ணு இனிமே நூல்தான். மணியெல்லாம் எடுத்துப் போட்டுடு. நூல் கண்ணையும் இழுக்கணும்."

ஆணியிலிருந்து தராசை எடுத்து என் கையில் கொடுத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு மேஜை மேலிருந்த பச்சை நூல்கண்டை எடுத்தாள். ஊசியோடு சேர்த்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"நீ இழுத்து வை. பச்சை நான் வந்து போட்டுக்கறேன்."