அலைவரை போட்ட பலகை

அன்று காலை ஒன்பது மணிக்குக் கத்திவாக்கத்துக் குப்பத்தின் மீன் ஏலக் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஃபைபர் படகு வைத்திருக்கும் மாரியப்பன், அவர் மனைவி குணசுந்தரி, சக்கர நாற்காலியில் அவர் தம்பி ஜெகதீசன், மாரியப்பனோடு தொழிலுக்குப் போகும் வெற்றி, மீன் விற்கும் தாயம்மா, படகு கட்டும் பட்டறையிலிருந்து பலகை கொண்டுவந்த சவரிநாதன். பரீட்சை வைக்க வேண்டிய சௌமியா மேடம் பத்து மணிக்குத்தான் ஆட்டோவில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு வந்து வேடிக்கை பார்த்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். முக்கியமானது அதற்குள் முடிந்துவிட்டது.

பரீட்சை ஜெகதீசனுக்கு. ஒரு கட்டடத்துக்குள் ஊனமுற்றவர்கள் பிறர் கையை எதிர்பார்க்காமல் போய்வர முடிகிறதா என்று அளந்து, குறைகளை எழுதி, சரிசெய்யும் வழி சொல்கிற வேலை இப்போது ஒன்று இருக்கிறது. அதற்கு ஆறு மாதப் படிப்பு. வாரத்தில் நான்கு நாள் போனில் வகுப்பு, சனிக்கிழமை பாரிமுனைப் பக்கம் நேரில். ஓரடி உயரம் ஏற வேண்டுமென்றால் சரிவு பன்னிரண்டடி நீளம் வேண்டும், பைக் ஏற்றுவதற்காக வாசலில் பூசி வைத்திருக்கும் சரிவையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது, கதவைத் தள்ள இவ்வளவு பலம்தான் செலவாக வேண்டும் என்று எல்லாவற்றையும் நாற்பத்து நாலு வயதில் மனப்பாடம் செய்தான். எழுத்துத் தேர்வில் முதல் தடவையே தேறினான். மிச்சமிருந்தது, பொது இடம் ஒன்றைப் பரீட்சகர் கண்ணெதிரே ஆய்வு செய்து காட்டுவது. நூலகம், பஸ் நிலையம் என்று பட்டியல் கொடுத்தார்கள். அவன் தன் குப்பத்து ஏலக் கொட்டகையை எழுதிக் கொடுத்தான். ரோட்டிலிருந்து கொட்டகை, கொட்டகையிலிருந்து கடல்.

கடல் அவன் வீட்டிலிருந்து எண்பதடி. பதினோரு வருடத்துக்கு முன்னால், கரையேற்றும்போது அலை புரட்டிய படகு அவன் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதல் வருடம் மாரியப்பன் அவனைத் தோளில் போட்டுத் தண்ணீருக்குத் தூக்கிப் போனார். கரையில் நின்ற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "இன்னொரு தபா என்ன பொணம் மாரி தூக்கினு போவாத அண்ணே" என்றான் ஜெகதீசன். அதோடு சரி. படகு இழுப்பதற்காகக் கரைப் பாறைகளுக்கு நடுவே விட்டிருக்கும் சந்து வழியாக அவன் தினமும் அலையைப் பார்ப்பான். மாரியப்பனோ, படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்திருக்கும் வெற்றியின் முதுகைப் பார்ப்பார். வெற்றி நல்ல பிள்ளை. ஆனால் முன்பு அந்த இடத்தில் உட்கார்ந்து, காற்று திரும்புவதை முகத்திலேயே உணர்ந்து குரல் கொடுத்தவன் ஜெகதீசன்தான்.

பரீட்சைக்கு வெளியாள் வருகிறார் என்றதும் மாரியப்பன் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தார். விடியும் முன்பே தரையைத் தேய்த்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். கொட்டகையின் நாலு படிகளின் மேலும் பலகை போட்டாயிற்று. பாறைச் சந்தில் மணல் மூட்டை அடுக்கி, அதன்மேல் சவரிநாதனின் பட்டறைப் பலகைகளை வரிசையாக அலை வரைக்கும் போட்டார்கள்.

"கலெக்டர் வந்தாகூட இவ்ளோ பவுடர் போட மாட்டானுங்க, கண்ணு எரியுது" என்றாள் தாயம்மா.

ஜெகதீசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தான்.

"இன்னாண்ணே இது?"

"வர்றவங்க முன்னாடி நம்ம கொறைய காட்டிக்க முடியுமாடா?"

"கொறைய எழுதத்தான் பரீட்சையே. இப்ப நான் இன்னாத்த எழுதட்டும்? எல்லாம் சோக்கா கீதுன்னா? பெயிலு போட்டு அனுப்பிடுவாங்க."

குணசுந்தரி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன். கேட்டா தானே?"

ஜெகதீசனின் கண் பலகையோடு போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பலகையின் முனையை அலை நனைத்துவிட்டுத் திரும்பியது. நாற்காலியின் முன் சக்கரம் முதல் பலகையில் ஏறி நின்றது.

"போய்ட்டு வந்துடுடா" என்றார் மாரியப்பன். "மணி ஒம்போதரதான். தண்ணில கைய வச்சிட்டு வா. அப்பறம் எடுத்துர்றேன்."

வெற்றி போனைத் தூக்கிப் பிடித்தான்.

"டேய், அத உள்ள வை" என்றான் ஜெகதீசன். "நாளைக்கு வழி கேட்டு நான் மனு குடுத்தா, 'வழிதான் கீதே, நீயே போயிருக்கியே'ன்னு அதையே காட்டுவானுங்க."

"சரி மாமா, எடுக்கல. போ."

ஜெகதீசன் சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்தான். பிறகு தணிந்த குரலில், "போனா திரும்ப மாட்டேன் அண்ணே. அந்தம்மா இங்க வந்து நிக்கும், நான் அங்க தண்ணில கெடப்பேன்" என்றான். "எடுத்துடு."

நாற்காலியைப் பின்னால் இழுத்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பிக்கொண்டான். மாரியப்பனும் சவரிநாதனும் சந்திலும் படியிலும் கிடந்த பலகைகளைத் தூக்கினார்கள். மணல் மூட்டையை வெற்றி உதைத்துத் தள்ளினான்.

சௌமியா மேடம் வந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. மாரியப்பன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், அவ்வளவுதான். அளவைப் படித்தவனும் எழுதியவனும் ஜெகதீசன். ஐஸ் அறைக் கதவைத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்க்கத் தாயம்மாவின் கொக்கித் தராசை மாட்டி இழுத்தான். ஆறு கிலோவைத் தாண்டியது.

"என் தராசு கூட பாஸாவும் பாரு" என்றாள் அவள்.

இருபத்து மூன்று குறை எழுதினான். கடைசியில், 'கடலுக்குச் செல்லும் வழி: இல்லை' என்று எழுதினான்.

"ஏலக் கொட்டகைக்கு இது தேவையா?" என்று கேட்டார் மேடம்.

"மீனு எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சீங்க மேடம்?"

அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

ஆறு வாரத்தில் சான்றிதழ் வந்தது. தண்டையார்பேட்டையில் இரண்டு அலுவலகங்களை அளந்து கொடுத்தான். கரைக்கு நிரந்தரச் சரிவு கேட்டு எழுதிய மனு ஏதோ ஓர் அதிகாரியின் மேசையில் கிடக்கிறது. "அதுவரைக்கும் ஒரு தபா பலகை போடட்டுமாடா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் கேட்டார். "வழி இல்லன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துருக்கேன் அண்ணே" என்றான் தம்பி. சொல்லும்போது அவன் முகம் சந்தின் பக்கம்தான் இருந்தது.

தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது மாரியப்பன் பலகையை உருவிவிட்டார், தம்பி கடலுக்குப் போவது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை என்று குப்பத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எடுக்கச் சொன்னவன் ஜெகதீசன். எடுத்தவர் மாரியப்பன்.