முழங்காலுக்கு ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரர் மதலைமுத்து பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெரு நாய்கூட அவர் குரலுக்கு ஒதுங்கிப் போகும். அப்பேர்ப்பட்டவருக்கு, ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பியான புராஸ்டேட் என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஏதோ அளவு ஏறியிருந்தது. "கேன்சரா இருக்குமான்னு எம்ஆர்ஐ எடுத்துப் பாக்கணும், தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இவரோ ஜெபக் கூட்டத்தில், முழங்காலில் ஸ்கேன் எடுக்கப் போவதாகவும் அதற்காக ஜெபிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். இடுப்புக்குக் கீழே கர்த்தர் முழங்காலை மட்டும்தான் படைத்தார் போலும்.

சபை மூப்பர் க்ளென், ஸ்கேன் சென்டர் ஒன்றின் மேனேஜர். உதவுகிறேன் என்று முழங்கால் ஸ்கேனுக்கு அவரே நேரம் வாங்கிவிட்டார். அங்கே ஸ்கேன் எடுப்பவள் ஆஞ்சலா, எங்கள் பாடகர் குழுப் பெண். அவளிடம் உண்மையைச் சொல்ல இந்த வீரருக்கு வெட்கம். சீட்டைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, காலை நீட்டிப் படுத்து, முழங்காலைப் படம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்டார்.

"எது நார்மல்?"

"முட்டி."

உயிர் போனாலும் இவருக்கு மானம் போகக் கூடாது. போன பிறகு தனியாகக் கிடக்கப் போவது நான். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் அவரை இப்படி ஏசுகிறேன்.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அந்த முழங்காலுக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சாட்சி சொல்ல யாராவது உண்டா என்றார். நான் எழுந்தேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"அவர் முட்டிக்கு ஒண்ணுமில்ல. புராஸ்டேட்ல கேன்சர் இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. சொல்ல வெக்கப்பட்டு முட்டிய எடுத்துட்டு வந்துட்டார். இனிமேலாவது சரியான எடத்துக்கு ஜெபம் பண்ணுங்க."



"நாளைக்குக் காலையில வாங்க அங்கிள்" என்றாள் ஆஞ்சலா, பாடகர் வரிசையிலிருந்து. "தினம் அதையும்தானே எடுக்கறேன்."

இவர் தலை நிமிராமலே சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஆராதனை முடிந்ததும் க்ளென் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஸ்கேன் சென்டரையே நடத்துகிறவர், செருப்பைப் பார்த்துக்கொண்டு, "எந்த டாக்டர் சிஸ்டர்? என் ஃப்ரெண்ட் ஒருத்தருக்குக் கேக்கறேன்" என்றார்.

"ஃப்ரெண்டுக்கும் முட்டியிலதானா?" என்று கேட்டேன்.