பனி பிடிக்காத இடம்

ஆர்டித் ஓப்பட் ஒவ்வொரு மாலையும் வண்டியை விட்டு இறங்கும் முன் ஒரு காரியம் செய்வாள். டாஷ்போர்டில் முன்விளக்கின் சுவிட்சுக் குமிழில் மாட்டியிருக்கும் மரக் கிளிப்பை, துணி உலர்த்தும்போது கொடியில் போடுகிற சாதாரணக் கிளிப்பைத்தான், எடுத்துத் தன் கோட்டுக் கையில் மாட்டிக்கொள்வாள். விளக்கை அணைத்த பிறகுதான் கிளிப் குமிழை விட்டு வர வேண்டும். அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. வீட்டுக்குள் கோட்டைக் கழற்றும்போது கையில் கிளிப் இருந்தால், வண்டியில் விளக்கு அணைந்திருக்கிறது என்று பொருள்.

இருந்தும் பல காலைகளில் பேட்டரி செத்துக் கிடந்தது.

முதல் தடவை தப்பு அவளுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை; ஊரே பார்த்தது. தேவாலயத்தின் அறுவடை விருந்துக்குப் போனவள் முன்விளக்கை எரியவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வந்தபோது இரண்டு விளக்குகளும் மஞ்சளாகச் சோர்ந்து நின்றன. "ஆர்டித், உன் வண்டிக்குத் தூக்கம் வந்துடுச்சு பாரு" என்று விருந்துக்கு வந்திருந்த தோழி லுசில் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டித்தும் சிரித்தாள். அவள் மகன் ராய்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. தன் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயரை மாட்டிக் கொடுத்தான்.

ஆர்டித்தின் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் குழாயை மூட மறந்தாள். பிறகு ஊரிலிருந்து வீட்டுக்கு வரும் சாலையை மறந்தாள். கடைசியில் ஆர்டித்தைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டாள். ராய்ஸ் அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன்.

அன்றிலிருந்து ஆர்டித் வண்டியை வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிறுத்தத் தொடங்கினாள், வண்டியின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி. பேட்டரி ஏமாற்றினாலும் பிரேக்கை விட்டால் வண்டி உருளும். செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மகனைக் கூப்பிட வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியவும் வேண்டியதில்லை.

நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் வண்டி இல்லாமல் ஒரு மனுஷி தனியாக இருக்க முடியாது. தபால் பெட்டிக்குப் போவதே ஒரு பயணம். மேய்ச்சல் நிலத்தில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மாடுகள் இருந்தன. குளிர்காலத்தில் அவற்றுக்குத் தீனி கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வண்டி போனால் மாடுகள் போகும். மாடுகள் போனால் வீடு போகும். பிறகு ஊரில், ராய்ஸ் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த, வெந்நீர்க் குழாய் சத்தம் போடாத ஒரு சின்ன ஃபிளாட்.

டிசம்பரில் பனி விழுந்து சரிவில் சக்கரம் வழுக்கியது. வண்டி உருண்டது, இன்ஜின் பிடிக்கவில்லை. ராய்ஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

அவன் நல்ல மெக்கானிக். ஊரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். முதலில் சரிவிலேயே பானட்டைத் திறந்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, அதற்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை மாட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை; மின்சாரம் எங்கும் கசியவில்லை. பிறகு வண்டியை இழுத்துக்கொண்டு போய்த் தன் ஒர்க்‌ஷாப்பில் நாள்கணக்கில் வைத்திருந்தான். புது பேட்டரி போட்டான். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினான். சீட்டுக்கு அடியில் எலி கடித்த ஒயர் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெரிய நம்பிக்கையோடு டேப் சுற்றினான். அது எப்போதோ செத்துப்போன ரேடியோவின் ஒயர். ஒர்க்‌ஷாப்பில் வண்டி ஒவ்வொரு காலையும் முதல் திருப்பிலேயே உறுமி எழுந்தது. திரும்பக் கொண்டுவந்து விட்ட மறுநாள் காலை சரிவில் செத்துக் கிடந்தது.

"அம்மா, வண்டியில ஒண்ணும் இல்லம்மா" என்றான் ராய்ஸ் போனில்.

"அப்போ என்கிட்டதான் இருக்குன்னு சொல்றே."

"நான் அப்படிச் சொல்லல."

"நேராச் சொல்லுடா. உங்கப்பா மாதிரி சுத்தி வளைக்காதே."

"ஞாயித்துக்கிழமை வரேன். வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். கொஞ்ச நாளைக்குத்தான். தீனிக்கு ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன்."

அவள் போனை வைத்தாள். கோட்டுக் கையில் கிளிப் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்றும் இருந்தது. முந்தாநாளும் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு எடுத்தேனா, அணைக்காமல் எடுத்தேனா? எடுத்த ஞாபகம் இருக்கிறது. அணைத்த ஞாபகமும் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கும் குழாயை மூடிய ஞாபகம் இருக்கத்தானே செய்தது. தண்ணீர் கூடம் வரை வந்த பிறகும், "நான் மூடினேன்" என்று சாதித்தாளே. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மை.

சனிக்கிழமை குளிர் கடுமையாக இருந்தது. சிம்னி என்கிற தன் கரிக்கறுப்புப் பூனையை ஆர்டித் வீட்டுக்குள் விட்டாள். வழக்கமாக அது வண்டியின் பானட் மேல்தான் படுக்கும். காலையில் பானட் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பூனை படுத்த இடம் மட்டும் வட்டமாக, ஈரமாக, பச்சை பெயிண்ட் தெரியக் கிடக்கும். அவள் அதைத் தினமும் பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு காலை, வெளிச்சம் வருகிற நேரம். சிம்னி அடுப்புப் பக்கத்தில் வயிற்றைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. ஆர்டித் சரிவுக்குப் போய் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம்.

ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவன் வருகிற நாள். இனி சொல்ல ஒன்றுமில்லை.

தலையைத் தூக்கியபோது கண்ணாடிக்கு வெளியே பானட் தெரிந்தது. வெள்ளையாக இருந்தது. நடுவில் அந்த வட்டமும் இருந்தது.

அவள் முதலில் அதைக் கவனிக்கவே இல்லை, தினமும் இருப்பதுதானே. பிறகுதான் பூனை வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய்க் கையுறையைக் கழற்றி வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுடவில்லை. ஆனால் சுற்றியிருந்த தகரம் குளிரில் விரலைக் கடித்த மாதிரி இது கடிக்கவில்லை.

கொட்டகையிலிருந்து நீள ஒயரை இழுத்து வந்து, பானட்டைத் திறந்து பேட்டரிக்கு சார்ஜர் போட்டாள். உள்ளே பார்த்தாள், இருட்டாகத்தான் இருந்தது. அந்த வட்டத்துக்கு நேர் கீழே, பானட்டின் உள்பக்கம், ஒரு சின்ன விளக்கு உண்டு. அவள் கணவர் மார்லின் ஒரு மானை இடித்துப் பானட்டை மாற்றிய வருஷத்திலிருந்து அது எரிந்ததே இல்லை. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததும் இல்லை.

பானட்டை மூடினாள். பகல் வெளிச்சம் படாதபடி கோட்டைக் கழற்றி முன்பக்கக் கிரில் மேல் போர்த்தி, அதற்குள் தலையை நுழைத்தாள்.

ரேடியேட்டருக்கு மேலே, ஒரு கோடு போல, வெளிச்சம்.

ராய்ஸ் வந்தபோது அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவன் வண்டியை எடுத்துப் போக டிரெய்லரோடு வந்திருந்தான். முகம் தூங்காத முகம்.

"பெட்டி எதுவும் கட்டலியாம்மா? சும்மா ரெண்டு நாள் வந்து இருக்கலாம்ல."

"முதல்ல வந்து வண்டி மேல கிடக்குற என் கோட்டுக்குள்ள தலைய விடு."

"என்னது?"

"விடுடா. கடிக்காது."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. இதுவும் சேர்ந்துகொண்டதா என்கிற பார்வை. ஆனாலும் குனிந்தான். கோட்டுக்குள் போன தலை வெகுநேரம் வெளியே வரவில்லை.

"அது... எரியாத விளக்காச்சே" என்றது கோட்டு.

"திறந்தா எரியாது. மூடினாத்தான் எரியுது."

அவன் வெளியே வந்தான். பானட்டைத் திறந்தான், இருட்டு. மூடிக் குனிந்தான், வெளிச்சம். மறுபடி திறந்து, விளக்கைத் தாங்கிய தகட்டைத் தடவினான்.

"இதுக்குள்ள ஒரு குப்பியில பாதரசம் இருக்கும்மா. பானட் தூக்கினா அது ஓடிப்போய் விளக்க எரிய வைக்கணும். அப்பா இதைத் தலைகீழா மாட்டியிருக்காரு. தூக்கினா அணையுது. மூக்கு கீழ பாத்து நின்னா எரியுது." நிறுத்தினான். "என் ஒர்க்‌ஷாப்புல தரை சமம், அங்க எரிஞ்சிருக்காது. இங்க நான் பானட்டைத் திறந்துதானே மீட்டர் வெச்சேன். நான் திறக்கத் திறக்க அது ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

"சரிவுல நிறுத்தாம இருந்திருந்தா இந்தத் தொல்லை வந்திருக்கவே வந்திருக்காது" என்றாள் ஆர்டித்.

"ஏம்மா சரிவுல நிறுத்தினே?"

"உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னு."

கிரில் மேலிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தூரத்தில் காற்றாலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ராய்ஸ் ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தகட்டைக் கழற்றத் தொடங்கினான். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னான்:

"நான் பயந்துட்டேம்மா."

"நீ மட்டுமா?"

அவன் கை ஒரு கணம் நின்று, மறுபடி வேலை செய்தது. தகட்டைத் திருப்பி வைத்தபோது ஒயர் நழுவிக்கொண்டே இருந்தது.

"எதையாவது வெச்சுப் பிடிக்கணும். அந்தக் கிளிப்பைக் குடு."

அவள் தன் கோட்டுக் கையைப் பார்த்தாள். கழற்றிக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தாள்.

"டிசம்பர்ல எந்தத் துணியம்மா காயப்போடுறே?" என்று சிரித்துக்கொண்டே திரும்பியவன், அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வண்டிக்குள், விளக்குக் குமிழைப் பார்த்தான். கறுப்புக் குமிழின் கழுத்தில் கிளிப் தினமும் கடித்த தடம் வெள்ளையாக இருந்தது. அவன் சிரிப்பு நின்றது. ஒன்றும் கேட்காமல் கிளிப்பை வாங்கி ஒயரில் மாட்டினான்.

கடைசி ஸ்குரூவை முடுக்கியதும் விளக்கு எரிந்தது. சின்ன, மங்கலான விளக்குதான். இன்ஜினுக்கு மேல் குனிந்திருந்த இரண்டு முகங்களிலும் பட்டது.

"டேப் எடுத்துட்டு வரேன், கிளிப்பைத் திருப்பித் தரேன்" என்றான் ராய்ஸ்.

"இருக்கட்டும்" என்றாள் ஆர்டித். "அங்கேயே பிடிச்சுக்கிட்டிருக்கட்டும்."

அவன் வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் ஆர்டித் மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து, அதே சரிவில் அதே மாதிரி நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள். கை தானாகக் குமிழின் கழுத்தைத் தேடிப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது. இறங்கி நாலடி நடந்தவள் நின்று, ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வண்டி முழுக்க இருட்டாக இருந்தது. கிரில்லும் இருட்டுதான். சிம்னி பானட் மேல் ஏறி, இன்ஜினின் கதகதப்பு இருக்கும் வரை உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது.