அக்காவின் வரிகள்

செய்தி வாசிப்பறைத் திரை சிறியது. வரி நீண்டால் அதன் வால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மதியச் செய்தியை அனுப்பும் முன் வரிகளைத் திரைக்குள் அடக்குவது வானொலி நிலையத்தில் என் வேலை. கணினியின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை தட்டினால் அது முடிந்துவிடும் என்று நானே கண்டுபிடித்திருந்தேன். இயற்பியல் படித்ததற்கு அந்த அளவுக்காவது பயன்.

நுரையீரலில் சளி கட்டிப் படுத்திருந்த செய்தி வாசிப்பாளர் அக்கா அன்றுதான் திரும்பி வந்தார். நேரலையில் திணறினால் இனி அவருக்கு நேரலையே கிடையாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் எழுதும் செய்தி பத்தி பத்தியாக வரும். அக்கா தானே தட்டி வைத்திருந்ததோ கண்றாவியாக இருந்தது. ஒரு வரியில் இரண்டு சொல், அடுத்ததில் ஏழு. கட்டளையைத் தட்டினேன். எல்லா வரியும் ஒரே நீளத்துக்கு வந்தது.

ஒத்திகையில் இரண்டாவது செய்தியிலேயே அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"செய்திக்கு இஸ்திரி போட்டியா?" என்றார் பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவு அண்ணன்.

மூலத்தையும் இதையும் ஒப்பிட்டேன். ஒரு சொல் குறையவில்லை. காற்புள்ளிகூட அங்கேயே இருந்தது. பிறகு எது கெட்டது? "தெரியல அண்ணா" என்றேன். உள்ளே போனேன்.

"ஒரு எழுத்துகூட மாறல அக்கா."

"மாறலம்மா. ஆனா எங்க மூச்சு விடணும்னு தெரியலையே."

"இன்னும் தெரியல அக்கா" என்றேன். அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். இங்கே ஒரு வரி முடிந்திருந்தது, இங்கே இன்னொன்று. மூச்சு தீரும் இடத்தில் எல்லாம் வரியை முடித்திருந்தார். ஓடிப்போய்க் கட்டளையின் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். அது நீண்ட வரியை மடிப்பதோடு நிற்காதாம். குட்டை வரியைக் கண்டால் அடுத்த வரியை இழுத்து நிரப்பியும் விடுமாம்.

திரும்பத் திரும்பப் படித்தேன். நீண்டதை வெட்டு, குட்டையைச் சேர்க்காதே என்று சொல்ல ஒரு வழி இருந்தது. கட்டளையோடு ஓர் 'எஸ்' சேர்த்தால் போதும். மூலத்தின் மேல் மறுபடி ஓட்டி அனுப்பிய கையோடு நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

அக்கா வாசித்தார். வரிக்கு வரி நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது செய்தியில் ஒரு வரி மட்டும் திரையைவிட நீளம். கட்டளை அதை நடுவில் வெட்டியிருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா அங்கே நின்றார். மூச்சை இழுத்தார். தொடர்ந்தார்.

நாளைக்கும் அவரே வாசிக்கட்டும் என்று மேலாளரின் அறையிலிருந்து தொலைபேசி வந்தது.

வெளியே வந்த அக்கா என் தோளைப் பிடித்தார். "நாலாவதுல புதுசா ஒரு மூச்சு வெச்சியே, அது இல்லன்னா மாட்டியிருப்பேன். எப்படிம்மா தெரிஞ்சுது?"

திரையின் அகலத்துக்கு அவர் நுரையீரல் எப்படித் தெரியும்? சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பினேன்.

"தெரியல அக்கா" என்றேன்.

"காலையிலேர்ந்து இவ அதேதான் சொல்லிட்டிருக்கா" என்றார் அண்ணன்.